மிளகை எப்போது பறிப்பது? மாறிவிட்ட மழைக்கு ஒரு பறிப்புக் கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வாங்குபவரிடம் மாதிரிப் பையை நீட்டினால், அவர் முதலில் உங்கள் ஊரைக் கேட்கமாட்டார். பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். பொக்கு மணி அங்கேயே நொறுங்கித் தூளாகும். பிறகு இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். நன்றாகக் காய்ந்தது 'டக்'கென்று உடையும், ஈரமிருந்தால் பல்லுக்கடியில் நசுங்கும். கடைசியாக லிட்டர் அளவையை நிரப்பி, விளிம்போடு குச்சியால் வழித்துவிட்டுத் தராசில் வைப்பார். 550 கிராம் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடமான எண். அதற்கு மேலே போனால் முகம் மலரும். 500-க்குக் கீழே இறங்கினால் பேரம் வேறு பாதையில் போகும்.

"கொஞ்சம் நேரத்தே பறிச்சுட்டீங்களோ, அண்ணே?" என்பார், மலையாளம் கலந்த தமிழில்.

"மழை வரும்னு சொன்னாங்க, பறிச்சுட்டோம்" என்பார் தாண்டிக்குடியிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ வந்தவர்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இந்த அத்தியாயம் இருக்கிறது. நன்றாக உழவு பார்த்து, உரம் வைத்து, வாடல் நோயிலிருந்து காப்பாற்றி வளர்த்த கொடியின் வருமானத்தை, பறிக்கும் நாள் ஒன்றே கூட்டவும் குறைக்கவும் செய்யும். முன்பு அந்த நாளைத் தேதியே சொல்லிவிடும். சமவெளித் தோட்டங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை, மலைத் தோட்டங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை. 'பொங்கல் கழிந்ததும் ஏணியை எடு' என்றால் வேலை முடிந்தது. இப்போது அந்தக் கணக்கை நம்பி இறங்கினால் ஒரே கொடியில் பழுத்ததும் பால் பிடிக்காததும் சேர்ந்து கூடைக்குள் விழுகின்றன.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பறிக்கும் நாளைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரத்தின் வயதை வைத்தும், உங்கள் காய்களத்தின் கொள்ளளவை வைத்தும் முடிவு செய்யுங்கள். வயது எத்தனை என்று தெரிய ஏப்ரல் மாதமே வேலையைத் தொடங்க வேண்டும். களம் எவ்வளவு தாங்கும் என்று தெரிய ஒரு நாள் அளந்து பார்த்தால் போதும்.

மழையின் கையில் இருக்கும் சாவி

மிளகுக் கொடி பூப்பதற்கு மழை வேண்டும். மே, ஜூன் மாதங்களில் இருபது நாளுக்குள் 70 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் போதும், புதுத் தளிரும் அதோடு சரமும் கிளம்பிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். சரம் வந்ததிலிருந்து மணி திரள்வது வரை சுமார் பதினாறு வாரம் மழை விட்டுவிட்டாவது தொடர வேண்டும். இந்தக் காலத்துக்குள் சில நாள் வறட்சி விழுந்தாலே விளைச்சல் குறையும். மகரந்தம் பரவுவதற்கே மழைத்துளி துணை. சரத்தின் மேலே விழும் நீர் கீழ்நோக்கி வழியும்போது மகரந்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்ப் பூக்களில் சேர்க்கிறது. தேனீயை நம்பியிருக்கும் பயிருக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். மழை தவறினால் மாற்று ஏற்பாடு கிடையாது.

இப்போது மழையைப் பாருங்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய நாள் ஜூன் 1. 2023-இல் அது ஜூன் 8-இல் வந்தது. 2024-இல் மே 30. 2025-இல் மே 24. மூன்றே ஆண்டுகளில் பதினைந்து நாள் முன்னும் பின்னுமாக ஊசலாட்டம். தொடக்க நாளையாவது பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் விழும் இடைவெளிதான் கொடியைக் கொல்கிறது. 2023 ஜூனில் கேரளத்தில் வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. அந்த ஆகஸ்ட், நூறாண்டுக்கும் மேலான பதிவுகளில் மிக வறண்ட ஆகஸ்ட். பருவம் முழுவதும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 34 விழுக்காடு குறைவு. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், 2018 ஆகஸ்டில், இதே மாநிலம் வெள்ளத்தில் மிதந்தது. இடுக்கியிலும் வயநாட்டிலும் வேரில் நீர் தேங்கிய கொடிகளை வாடல் நோய் வாரிக்கொண்டு போனது.

பறிக்கும் காலத்திலும் இதே கதை. ஜனவரி என்றால் வெயில் என்று நம்பிக் களத்தில் மிளகை விரித்தவர்களுக்கு 2021 ஜனவரியில் எதிர்பாராத பெருமழை வந்தது. வயநாட்டிலும் குடகிலும் பழுத்த காப்பியும் காயப்போட்ட மிளகும் நனைந்தன. நம் பக்கம் கொல்லிமலை, சேர்வராயன், கீழ்ப்பழனி மலைகளில் வடகிழக்குப் பருவமழையின் வால் ஜனவரிக்குள் நீள்வது இன்னும் தொந்தரவு. கேரளத்து நூல்களில் உள்ள அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நம் மலைக்காரர்களுக்குச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதன் விளைவைக் கொடியிலேயே பார்க்கலாம். ஏப்ரலில் நல்ல கோடைமழை கிடைத்தால் ஒரு தொகுதி சரம் வந்துவிடும். பருவமழை தொடங்கியதும் இன்னொரு தொகுதி. ஜூலையில் மழை ஓய்ந்து ஆகஸ்டில் மறுபடி பிடித்தால் மூன்றாவது. மூன்றுக்கும் இடையே நான்கு மாத வயது வித்தியாசம் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைச் சரம்தான். ஒரே நாளில் ஏணி வைத்து எல்லாவற்றையும் உருவினால் லிட்டர் எடை இறங்காமல் என்ன செய்யும்?

திராட்சைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்சில் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரத்தில் ஒயின் திராட்சை அறுவடை தொடங்கிய நாளை 1354 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டது என்று கண்டார்கள். வெப்பம் கூடும்போது திராட்சையில் சர்க்கரை விரைவாக ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, ஆனால் தோலும் விதையும் பக்குவப்பட அவற்றுக்குரிய நாள் வேண்டியிருக்கிறது. முன்னால் பறித்தால் துவர்ப்பு, பின்னால் பறித்தால் புளிப்பில்லாத, போதை கூடிய ஒயின். ஆகவே அவர்கள் தேதியைக் கைவிட்டு, பழத்தைப் பரிசோதித்துப் பரிசோதித்து நாள் குறிக்கிறார்கள். ஒரே தோட்டத்தை இரண்டு மூன்று தவணையாகப் பறிக்கிறார்கள்.

நாசிக்கில் நிலைமை வேறு. அங்கே ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு கவாத்து. அக்டோபரில் கத்தரி வைத்த நாளே அறுவடை நாளைப் பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. இடுக்கியிலிருந்து குமுளி இறங்கினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்காரர்களும் கவாத்திலிருந்துதான் நாள் எண்ணுகிறார்கள். வெவ்வேறு தோட்டத்தில் வெவ்வேறு நாளில் வெட்டி, ஆண்டு முழுவதும் பழம் வரும்படி செய்துகொள்கிறார்கள்.

மிளகுக்காரரின் கையில் அந்தக் கத்தரி இல்லை. பூக்கும் நாளை வானம்தான் குறிக்கிறது. ஆனால் ஒரே கனியின் இரண்டு குணங்கள் ஒன்றாக ஏறுவதில்லை என்ற விஷயம் மிளகுக்கும் அப்படியே பொருந்தும். மிளகின் மணத்துக்குக் காரணமான எண்ணெயும் காரமும் மணி முழுதாக முற்றுவதற்குச் சற்று முன்பே உச்சத்துக்கு வந்துவிடும். எடைக்குக் காரணமான மாவுச்சத்து அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் பிழிபவருக்கு இளசு பிடிக்கும், எடை போட்டு வாங்குபவருக்கு முற்றல் பிடிக்கும். நீங்கள் யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு ஏணியை எடுங்கள்.

எதற்கு எந்த வயது

உப்புநீரில் போடும் பச்சை மிளகுக்குச் சரம் நான்கு ஐந்து மாதத்தில் வேண்டும். மணி திரண்டிருக்கும், உள்ளே கொட்டை இறுகியிருக்காது. எண்ணெய்க்கும் ஓலியோரெசினுக்கும் முழு முற்றலுக்குப் பதினைந்து இருபது நாள் முன்னால் பறிக்கலாம். பச்சை நிறம் மாறாமல் உலர்த்தி விற்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால். நாம் பெரும்பாலும் விற்கும் கறுப்பு மிளகுக்குச் சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளோ ஆரஞ்சோ ஆகியிருக்க வேண்டும். பூத்ததிலிருந்து ஏறத்தாழ ஏழெட்டு மாதம். வெள்ளை மிளகுக்கு மணி நன்றாகப் பழுத்துச் சிவக்க வேண்டும்.

ஒன்றிரண்டு மணி நிறம் மாறுவது பழைய அடையாளம்தான், ஆனால் இன்றைக்கும் இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். வறட்சியில் வெம்பிய மணியும் மஞ்சளாகும், பொல்லு வண்டு குடைந்த மணியும் நிறம் மாறும். அவற்றைப் பார்த்து 'பழுத்துவிட்டது' என்று இறங்கிவிடக் கூடாது. மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். முற்றிய மணிக்குள் வெண்மையாக, கெட்டியாக மாவு இருக்கும். வெம்பியதில் உள்ளே சுருங்கியிருக்கும், வண்டு குடைந்ததில் வெற்றறை. ஒரு கொடியில் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில் பார்க்க வேண்டும். கைக்கெட்டும் உயரத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்வது பலரும் செய்கிற சோம்பேறித்தனம். உச்சியில் வெயில் படும் சரமும் அடியில் நிழலில் தொங்கும் சரமும் ஒரே நாளில் முற்றுவதில்லை.

நூல் கட்டும் முறை

சரத்தின் வயதை நினைவில் வைத்திருப்பது யாராலும் முடியாது. அதற்கு எளிய வழி, நூல். தோட்டத்தின் எல்லாப் பகுதிகளையும் காட்டக்கூடிய பத்துக் கொடிகளைத் தேர்ந்தெடுங்கள். மேட்டில் சில, பள்ளத்தில் சில, சில்வர் ஓக்கில் ஏறியவை சில, முள்முருங்கையில் ஏறியவை சில. ஏப்ரல், மே மாதங்களில் புதிதாகத் தலைகாட்டும் சரங்களின் காம்பில் சிவப்பு நூல். ஜூன், ஜூலையில் வருபவற்றுக்கு நீல நூல். அதற்கும் பிந்தியவற்றுக்கு மஞ்சள். ஒவ்வொரு நிறத்திலும் கொடிக்கு ஐந்தாறு சரம் கட்டினால் போதும். நூல் தளர்வாக இருக்கட்டும், இறுக்கிக் கட்டினால் சரமே உதிர்ந்துவிடும். பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும், நைலான் நூலே நல்லது.

கூடவே ஒரு மழைமானி. களத்து மூலையில் திறந்த இடத்தில் நட்டு, காலை எட்டரை மணிக்கு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வானிலைத் துறையின் மாவட்டக் கணக்கு உங்கள் சரிவுக்குப் பொருந்தாது. ஒரே மலையின் மேற்குச் சரிவில் கொட்டும்போது கிழக்குச் சரிவில் தூறல் மட்டும் விழும். இந்த நோட்டும் நூலும் சேர்ந்தால் அக்டோபர் வாக்கில் உங்களுக்கு ஒரு படம் கிடைத்துவிடும். சிவப்பு நூல் சரம் எவ்வளவு நிற்கிறது, நீல நூல் எவ்வளவு, நடுவில் எத்தனை உதிர்ந்தது என்று எண்ணிப் பார்த்தால், பறிப்பு எத்தனை தவணை, எந்தத் தவணையில் எவ்வளவு என்பது தெளியும். சிவப்பு கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் அதற்காகத் தனியாக ஆள் விட்டுப் பறிப்பது கட்டுப்படியாகாது. பாதிக்கு மேல் இருந்தால் கட்டாயம் தனித் தவணை.

ஆள் கூலி இதில் பெரிய விஷயம் என்பது தெரியும். கண்ணேணியில் ஏறிச் சரம் பறிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கிடைப்பவர்களின் கூலி கூடிக்கொண்டே போகிறது. ஆகவேதான் பலரும் ஒரே தடவையில் உருவிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் தவணைக்கான கூடுதல் கூலி ஒரு பக்கம், ஒரே தவணையில் பறித்தால் கிடைக்கும் இளமணியின் எடைக் குறைவும் விலைக் குறைவும் இன்னொரு பக்கம். முற்றிய மணி நூறு கிலோ காய்ந்தால் சுமார் 33 கிலோ கிடைக்கும். இளமணியில் அது வெகுவாக இறங்கிவிடும். சின்னத் தோட்டத்தில் வீட்டுக்காரர்களே பறித்தால் மூன்று தவணைகூடச் சரிதான். ஐந்து ஏக்கருக்கு மேல் வெளியாளை வைத்துப் பறித்தால் இரண்டு தவணைக்கு மேல் தாங்காது என்பது என் கருத்து.

இரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னியூர்-1, 1971-இல் கண்ணூர் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த, மிளகின் முதல் கலப்பினம். நீளச் சரம், பெரிய மணி, ஆனால் அடர்ந்த நிழல் பிடிக்காது. கரிமுண்டா நிழலைத் தாங்கும், மணி சிறியது. இரண்டையும் கலந்து நட்டிருந்தால் பறிப்பையும் காயவைப்பதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கலந்தால் சல்லடையில் பெரிய மணிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை போய்விடும். 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஒரு தரம், 4.75-இல் நிற்பது அதற்கும் மேல். தலைச்சேரி என்ற பெயரில் ஏற்றுமதியாவது இந்தப் பெருமணிதான்.

களம்தான் எல்லை

கொடி தயார் என்றவுடன் பறித்துவிடக் கூடாது. களம் தயாரா என்று பாருங்கள். பறித்த மணியில் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அதை 11 விழுக்காட்டுக்குக் கொண்டுவர நல்ல வெயிலில் நான்கு முதல் ஆறு நாள் ஆகும். அந்த நாட்களில் களத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

உங்கள் களத்தில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் மெல்லிய படுகையாக எத்தனை கிலோ விரிக்க முடியும் என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். இருநூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் காயவேண்டும் என்றால் ஐந்து நாளுக்கு இருநூறு கிலோவுக்கு மேல் பறிக்கக் கூடாது. மொத்த விளைச்சல் ஆயிரத்து இருநூறு கிலோ பச்சை மணி என்றால் பறிப்பு ஆறு தொகுதி, முப்பது நாள். முப்பது நாள் உங்கள் மலையில் தொடர்ந்து வெயில் கிடைக்குமா? கிடைக்காது என்றால் களத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது காயும் நாளைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. பறித்த சரத்தைச் சாக்கில் கட்டி வைத்து வெயிலுக்குக் காத்திருப்பது வழியே அல்ல. ஓர் இரவு வைத்தால் மணி எளிதாக உதிரும் என்பது உண்மை, ஆனால் மழைநாளில் அந்தச் சாக்கு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

காயும் நாளைக் குறைக்க மலிவான வழி வெந்நீர். மணியை உதிர்த்து, துளையிட்ட பாத்திரத்திலோ மூங்கில் கூடையிலோ போட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, நீரை வடியவிட்டு விரிக்க வேண்டும். நிறம் சீராகக் கறுக்கும், கிருமி குறையும், மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். அதிகம் வெந்தால் மணியைக் கறுப்பாக்கும் நொதியே செத்துப்போகும், பிறகு மிளகு பழுப்பாகவே நின்றுவிடும். தண்ணீரையும் அடிக்கடி மாற்றுங்கள்.

நெருப்பு உலர்த்தி வாங்கும் வசதி உள்ளவர்கள் வெப்பத்தை 60 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். அதற்கு மேலே போனால் காய்வது மிளகு, பறப்பது மணம். பாலித்தீன் கூரை போட்ட சூரிய உலர்த்தி சின்னத் தோட்டத்துக்குப் பொருத்தம், எதிர்பாராத தூறலிலிருந்து காப்பாற்றும். ஆனால் பக்கவாட்டில் காற்று போக வழியில்லாமல் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி வெளியே விரித்ததைவிட மோசமாகும். சாணம் மெழுகிய தரை வேண்டாம், ஏற்றுமதிக்காரர் கிருமிச் சோதனையில் பிடித்துவிடுவார். சிமெண்டுத் தளம், சுத்தமான மூங்கில் பாய், அல்லது கறுப்புத் தார்ப்பாய்.

அரைகுறையாகக் காய்ந்த மிளகுக்கு என்ன நேரும் என்பதைக் கொச்சி மறக்காது. 2012 டிசம்பரில் இங்குள்ள கிடங்குகளில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கினார்கள். பூஞ்சை தெரியாமலிருக்கவும் பளபளப்பு வரவும் எண்ணெய் தெளிக்கும் பழக்கம் வணிகத்தில் இருந்தது. 1957-இல் மிளகுக்கென்றே முன்பேர வணிகம் தொடங்கி, யூதத் தெருக் கூடத்தில் தரகர்கள் கூவிக் கூவி விலை சொன்ன ஊர் இது. அந்த ஊரின் பெயருக்கு அது நல்லதாக இல்லை. இன்று வாங்குபவர் ஈரத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் மிளகில் அஃப்லடாக்சின் மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். பூஞ்சை ஒருமுறை வந்தால் மறுபடி காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மழை மிரட்டினால்

நான்கு நாளில் மழை என்று முன்னறிவிப்பு வருகிறது, சரம் பாதி முற்றியிருக்கிறது. இதுதான் இப்போது எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம். 'கையில் கிடைத்தது லாபம்' என்று பறித்துத் தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். கொடியில் நிற்கும் முற்றாத மணிக்கு இரண்டு நாள் மழை பெரிய கேடு செய்யாது, மாவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். பறித்துக் களத்தில் கிடக்கும் மணிக்குத்தான் மழை எமன். ஆகவே உலர்த்த வசதி இல்லாதவர் மழைக்கு முன்னால் பறிப்பதைவிட மழை கழிந்து பறிப்பதே நல்லது. நன்றாகப் பழுத்துவிட்ட சரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அது மழையில் உதிர்ந்து மண்ணில் விழும். அதை மட்டும் முதலில் பறித்து, மூடிய இடத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போய்ச் சிவந்த பழம் நிறைய நின்றுவிட்டதா? பறவை தின்றது போக மிஞ்சியதை வெள்ளை மிளகாக்கலாம். சாக்கில் கட்டி, ஓடும் நீரிலோ, தினமும் தண்ணீர் மாற்றிய தொட்டியிலோ ஏழு முதல் பத்து நாள் ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பது. நூறு கிலோ பழத்துக்குச் சுமார் 25 கிலோதான் தேறும். விலை கூடுதல் என்றாலும் தண்ணீர் தாராளமாக உள்ள தோட்டத்துக்கு மட்டுமே இது சரிவரும். தண்ணீரை மாற்றச் சோம்பினால் வரும் நாற்றம் காய்ந்த பிறகும் போகாது.

தவணைகளைக் கலக்காதீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் தனிச் சாக்கு, சாக்கின் மேல் பறித்த நாளும் காய்ந்து முடிந்த நாளும். மட்டாஞ்சேரியில் புடைத்துச் சலித்த மிளகுக்கு ஒரு விலை, சலிக்காததற்கு ஒரு விலை, ஈரம் அடங்காத புதுமிளகுக்கு இன்னொரு விலை. கலந்து கொண்டுபோனால் மூன்றிலும் தாழ்ந்த விலைதான் உங்கள் சரக்குக்கு நிற்கும். பொக்கும் சின்ன மணியும் தனியாகப் பிரித்து வைத்தால், அதையும் எண்ணெய் எடுப்பவர்கள் வாங்குவார்கள். எறிய வேண்டியதில்லை.

கடைசிச் சரம் பறித்த பிறகு

அடுத்த ஆண்டின் பறிப்பு இங்கே தொடங்குகிறது. சரம் ஒரே சீராக வந்தால் பறிப்பும் ஒரே சீராகும். அதற்கு நம் கையில் உள்ள ஒரே ஆயுதம் கோடைத் தண்ணீர். ஆனால் தண்ணீர் பற்றி இரண்டு பரிந்துரைகள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்.

சமவெளிக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது: நவம்பர், டிசம்பரிலிருந்து மார்ச் இறுதிவரை எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை, கொடியைச் சுற்றி 75 சென்டிமீட்டர் வட்டப் பாத்தியில் 100 லிட்டர். அதன்பின் பருவமழை வரும்வரை ஒரு சொட்டு விடக் கூடாது. பன்னியூர்-1 இரகத்தில் இப்படிச் செய்து விளைச்சல் ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு கூடியது. காய்ச்சலில் கிடக்கும் கொடி முதல் மழையைக் கண்டதும் ஒரேயடியாகத் தளிர்க்கும் என்பது இதன் அடிப்படை.

உயரமான மலைத் தோட்டங்களுக்குச் சொல்வது நேர்மாறு. மார்ச் பிற்பகுதியில் தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடிக்கு 50 லிட்டர் வீதம், மழை பிடிக்கும்வரை தெளிப்பு நீர் கொடுக்க வேண்டும். அங்கே மழை பிந்தினால் சரமும் பிந்தும். பிந்திய சரம் மூட்டத்திலும் நிழலிலும் வெளிவந்து பெண் பூக்கள் மட்டும் கொண்டதாகி, மணி பிடிக்காமல் உதிர்கிறது. முன்கூட்டியே தண்ணீர் கொடுத்துச் சரத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டால் அந்த உதிர்வு குறையும்.

உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்பதை உங்கள் நூல் சொல்லும். நீல, மஞ்சள் நூல் கட்டிய சரங்கள் ஆகஸ்டில் முழு நீளத்தில் மணியில்லாமல் உதிர்ந்து கிடந்தால் மலைக்காரரின் முறை. அப்படி உதிராமல், மூன்று நிறமும் கலந்து நின்று பறிப்பைக் குழப்பினால் சமவெளிக்காரரின் முறை. ஏற்காடு, தாண்டிக்குடி போன்ற இடைப்பட்ட உயரங்களில் இருப்பவர்கள் தோட்டத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒன்று, மறுபாதிக்கு மற்றொன்று என்று ஓராண்டு செய்து பார்க்கலாம். எதைச் செய்தாலும் கடைசிப் பறிப்பை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரலில் ஏணி சாய்த்தால் கோடைமழைக்குக் கிளம்பும் இளந்தளிரை ஏணியே முறித்துவிடும், அந்தத் தளிரில்தான் வரப்போகும் சரம் இருக்கிறது.